கோடுகள் வெட்டிக்கொண்ட வருடம்

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கூழக்கா’ என்றுதான் பெயர். காகிதம் செய்கிற மரக்கூழ் கிழக்குத் துறைமுகத்துக்கு எவ்வளவு மதிப்புக்கு இறக்குமதியானது, மேற்குத் துறைமுகத்துக்கு எவ்வளவு, போன வருடத்தைவிடக் கூடவா குறைவா என்று முப்பது வருடமாகப் பட்டியல் எழுதியவள் அவள் ஒருத்திதான். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஓய்வு பெற இரண்டு வாரம் இருக்கும்போது, முப்பது வருடத்தையும் ஒரே வரைபடமாகப் போட்டுத் தரச் சொன்னார் மேலதிகாரி. கிழக்குக்கு ஒரு கோடு, மேற்குக்கு ஒரு கோடு. போகிற நேரத்தில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு எண்ணையும், தான் பார்த்து எழுதிய பழைய படிவங்களோடு ஒத்துப் பார்க்க ஆவண அறைக்குப் போனாள். சும்மா இருந்திருக்கலாம்.

பன்னிரண்டாம் வருடத்துக் கட்டைப் பிரித்ததும் தலைப்பை இரண்டாம் முறை படித்தாள். படிவத்தில் எப்போதும் மேற்குதான் மேல் வரி. அந்த ஒரு வருடம் மட்டும் எந்தப் புண்ணியவானோ கிழக்கை மேலே போட்டு அச்சடித்திருந்தான். அவளோ பழக்க தோஷத்தில் தலைப்பைப் பார்க்காமலே எடுத்து எழுதியிருந்தாள். கிழக்கின் பெரிய தொகை மேற்குக்குப் போயிருந்தது. மேற்கின் சின்னத் தொகை கிழக்கின் தலையில் விழுந்திருந்தது.

அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான், கிழக்கில் சரக்கு படுத்துவிட்டது என்று அங்கே மரக்கூழ் இறக்குகிற மேடையை மூடினார்கள். கப்பல்கள் மேற்குக்குத் திரும்பின. அடுத்த வருடம் கிழக்கு நிஜமாகவே விழுந்தது. அதனால் வரைபடத்தில் சந்தேகப்பட ஒரு நெளிவுகூட இல்லை. பன்னிரண்டாம் வருடம் இரண்டு கோடும் வெட்டிக்கொண்டு அதது தன் போக்கில் போயின. பொய் முன்னால் நடக்க, உண்மை பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது. இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மூடிய மேடையில் மரக்கூழ்க் கட்டுகளை எண்ணி இறக்கியவன் அவளுடைய தம்பி. வேலை போனபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பேசி வைத்திருந்த பெண்ணும் கை நழுவிப் போனாள். அன்று முதல் அக்கா வீட்டில்தான் இருக்கிறான். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுவான். கம்பி, வண்டி, குடை, செருப்பு, எதுவானாலும் சரி, ஓயாத முணுமுணுப்பு. ஏக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பதினெட்டு வருடமாக நினைத்திருந்தாள்.

இப்போது அந்த முணுமுணுப்பு அவளை விட்டு நகர மறுத்தது. பேருந்தில் கேட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீரில் கேட்டது. ஆவண அறையில் அலமாரிக்குப் பின்னால் யாரோ நின்று எண்ணினார்கள். எட்டிப் பார்த்தால் தூசிதான். சோறு இறங்கவில்லை. படிவத்தைக் கிழித்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு நாள் கையில் எடுக்கவும் செய்தாள். பிறகு பழையபடி கட்டுக்குள் செருகிவிட்டாள். சொன்னால் தம்பி முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தக் குரலோடே சாக வேண்டும்.

கடைசி வேலைநாளுக்கு முந்தின மாலை, படிவத்தைக் கைப்பையில் வைத்து எடுத்து வந்து தம்பியின் மடியில் போட்டாள். அவன் பிழைப்பைக் கெடுத்தது தன் கைதான் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

அவன் எண்ணுவதை நிறுத்தினான். படிவத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும்க்கா. அந்த வருஷம் நாப்பத்தோராயிரத்து அறுநூறு கட்டு. எண்ணி இறக்கினவனே நான்தானே. அதுக்குண்டான தொகையில பாதிகூட பட்டியல்ல இல்லைன்னதும், நீ எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு புரிஞ்சுபோச்சு.”

“அப்பவே ஏன்டா சொல்லல?”

“சொன்னா உன் வேலையும் போயிருக்கும். ரெண்டு பேரும் தெருவுக்கு வரணுமா?” வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். “அதான் எதையாவது எண்ணிக்கிட்டே இருந்தேன். வாய் சும்மா இருந்தா, என்னைக்காவது உன்கிட்ட சொல்லிடுவேனோன்னு பயம்.”

மறுநாள் திருத்தத்தை எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். வழியனுப்பும்போது கொடுத்த மாலையைக்கூட எடுத்து வரவில்லை.

வீட்டில் தம்பி ஜன்னலோரம்தான் இருந்தான். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் வாய் அசையவில்லை. வீடு அப்படி ஓய்ந்து கிடந்ததை அவளால் தாங்க முடியவில்லை.

“ஏதாவது எண்ணேன்டா.”

“இனிமே எதுக்குக்கா?” என்றான் அவன்.