ஆம்பூர் வீட்டுக்குப் பொருந்தாத சொற்கள்

வேலூர்க் கோட்டை அகழி ஓரத்துக்குக் காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்றவர்களில் நானும் ஒருவன். நாங்கள் நடப்பது குறைவு. உட்கார்ந்து நாட்டைச் சீர்திருத்துவதுதான் அதிகம். பரம்பரையாக வரும் வீடுகளுக்கு வரி போட வேண்டும் என்பது அந்தப் பெஞ்சில் என் கட்சி. அதில் நான் ஒருவன்தான் உறுப்பினர். மற்றவர்கள் எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள்.

பத்திரப் பதிவுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். என் வாதம் அந்த மேஜையில் பிறந்தது. தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் ஆயுளைக் கழித்தவர், ஊருக்கு வெளியே துண்டு மனை வாங்க வருவார். முத்திரைத் தீர்வை முழுவதையும் கட்டிவிட்டுத்தான் போவார். அதே நாளில் ஒரு இளைஞர், தாத்தா கட்டிய பெரிய வீட்டைக் கிட்டத்தட்டச் சும்மா வாங்கிக்கொண்டு போவார். அதற்காக அவர் செய்த ஒரே வேலை பிறந்தது. “உழைச்சவனுக்கு வரி, பொறந்தவனுக்கு விலக்கா?” என்று பெஞ்சில் கேட்பேன். அதற்குள் டீ வந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இறந்தவர் சொத்துக்கு ஒரு வரி இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அதற்காக வருந்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒருநாள் ராணிப்பேட்டையிலிருந்து தம்பி போன் செய்தான்.

“அண்ணா, வாரிசு வரி வருதாமே.”

“எங்க வருது?”

“டிவில சொல்றான். பையனும் சென்னைலேர்ந்து பேசினான். வர்றதுக்குள்ள ஆம்பூர் வீட்டை வித்துடலாம்ன்றான்.”

“சட்டமும் இல்ல, மசோதாவும் இல்ல. டிவில நாலு பேர் கத்தினா சட்டமாயிடுமா?”

“அப்ப நீ ஏன் போட்டே ஆகணும்னு பேசறியாம்? உன் தோஸ்த்தை வாலாஜா கல்யாணத்துல பார்த்தேன். அவருதான் சொன்னாரு.”

என் கட்சியின் கொள்கை வாலாஜா வரை பரவிவிட்டது தெரிந்தது. பெருமைப்பட முடியவில்லை. அந்த வீட்டில் என் தங்கை இருக்கிறாள்.

எனக்கு இளையவள், தம்பிக்கு மூத்தவள். குழந்தை இல்லை. கணவர் போன பிறகு நெமிலியில் மாமியார் வீட்டை விட்டு ஆம்பூருக்கே திரும்பிவிட்டாள். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தபடியே அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். இப்போது வேலையும் இல்லை, அவர்களும் இல்லை. மிஞ்சியிருப்பவை அந்த வீடும், கேஸ் சிலிண்டர் வாங்கியதும் யோசிக்கவைக்கும் ஒரு பென்ஷனும்.

வீடு இன்னும் அப்பா பெயரில்தான் இருந்தது. அதாவது எங்கள் மூவருக்கும் சமம். மூவரில் ஒருவர் கேட்டாலும் பங்கு பிரித்தாக வேண்டும், பிரிக்க முடியாவிட்டால் விற்றாக வேண்டும். அந்த வழக்கை எந்தக் கோர்ட்டில் போடுவார்கள், எந்த மனுவுக்குப் பின் எந்த மனு வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதவன் நிம்மதியாகச் சாப்பிடுவான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வரியை நினைத்தாலும் அதே கதிதான். நியாயமாகப் பார்த்தால் புது வரி இனிமேல் சாகிறவர்களின் சொத்துக்குத்தான் பொருந்தும். ஆனால் முன்தேதியிட்டு வந்த உத்தரவுகளையும் நான் பார்த்திருக்கிறேன், பெயர் மாறாமல் கிடக்கும் சொத்தை முதலில் பிடிப்பார்கள் என்பதும் தெரியும். நெடுஞ்சாலையை அகலப்படுத்திய பிறகு அந்தத் தெருவுக்கு அரசு வைத்த வழிகாட்டி மதிப்பு எங்கேயோ போய்விட்டது. வீட்டின் மதிப்பு ஏறியதே தவிர அவள் வைக்கும் ரசத்தில் புளிகூட ஜாஸ்தியாகவில்லை. அந்த மதிப்புக்கு வரி போட்டால், வீட்டுக்கு வரி கட்ட அவள் வீட்டையே விற்க வேண்டியிருக்கும்.

என் கொள்கையில் அவளுக்கு இடம் செய்ய முயன்றேன். குடியிருக்கும் வாரிசுக்கு விலக்கு, வேறு வீடு இல்லாதவருக்கு விலக்கு, வருமானம் கம்மியானவருக்கு விலக்கு. நாலாவது விலக்கை யோசிக்கும்போது, நான் ஆயுள் முழுக்கத் திட்டிய சட்டங்களைப் போலவே இதுவும் ஆகிவிட்டது புரிந்தது.

ஆகவே எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். நானும் தம்பியும் எங்கள் பங்கை அவளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டால், விற்கச் சொல்ல யாருக்கும் உரிமை இருக்காது. பத்திரத்தை எழுதி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போனேன். தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். வந்தான். அவன் பையன் வரவில்லை என்பதை மட்டும் தெரு முனைவரை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இந்தப் பத்திரத்தை என் அலுவலகத்தில் பெரும்பாலும் தங்கைகள்தான் அண்ணன்களுக்கு எழுதிக்கொடுப்பார்கள். பதிலுக்கு ஒரு பட்டுப்புடவை, மத்தியானம் பிரியாணி. அண்ணன்கள் எழுதிக்கொடுத்து நான் பார்த்தது அபூர்வம். அதனால் அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு, தையல் பிசகைத் தேடுவதுபோல் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இன்னா அண்ணா இது, விடுதலைப் பத்திரம்?”

“பங்கை விட்டுக்குடுக்கறதுக்குப் பேரு அது.”

“விடுதலைன்னா தொரப்பாடி ஜெயில்ல பண்றது. இங்க யாரை யாரு புடிச்சு வெச்சிருந்தாங்க?”

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வரியை உரக்கப் படித்தாள். “‘இனி மேற்படி சொத்தில் எனக்கு எவ்வித பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது.’ இது யாரு சொல்றது?”

“நான். அவனும்.”

“பின்தொடர்ச்சி இல்லன்னா? பொங்கலுக்கு வரமாட்டீங்களா?”

“அது சட்ட பாஷைம்மா.”

“பாஷை நல்லாத்தான் இருக்குது. தலைமுழுகற மாதிரி.”

வேறு வகையிலும் எழுதலாம், தான செட்டில்மெண்ட் என்று ஒன்று இருக்கிறது என்றேன்.

“தானமா? நான் கோயில் வாசல்ல தட்டு வெச்சுக்கினு உக்காந்திருக்கேனா?”

“பாகப்பிரிவினைன்னும் போடலாம்.”

“இன்னா பிரிவினை? நம்ம மூணு பேருக்கும் சண்டைன்னு ஆபீஸ்ல போய் சொல்லணுமா?”

எத்தனையோ வருஷம் இந்தச் சொற்களைத் தினமும் வாசித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூடப் பிறந்தவர்களுக்குள் ஒரு வீடு கைமாறுவதற்கு இலாகாவில் இருக்கும் வழிகள் சிறை, பிச்சை, சண்டை, இவ்வளவுதான் என்பது அன்றுவரை என் காதில் விழவில்லை.

தாளை மடித்து என்னிடம் நீட்டினாள். “இப்படியே இருந்தா இன்னா? வரின்னு ஒண்ணு வந்தா மூணு பேருக்கும் வரும். மூணு பேரும் யோசிப்போம். என் பேர்ல மட்டும் எழுதிட்டா நான் மட்டும்தானே யோசிக்கணும்?”

இப்படியே இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தம்பியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? போன வருஷம்தான் அவனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவனே சொன்னான்.

“நான் போய்ட்டா என் பங்கைப் பசங்க கேப்பாங்க அக்கா. இருக்கும்போதே கேக்கறாங்க.”

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லு. வரி போடணும்னு பேசறவன் நீதானே. இந்த வீட்டுக்குப் போடலாமா?”

“நீ குடியிருக்கற வீடு. இதுக்கு விலக்கு குடுக்கணும்.”

“நான் குடியிருக்கேனான்னு யாரு வந்து பார்ப்பாங்க?”

“ஒரு அதிகாரி.”

“உன்ன மாதிரியா?”

“ஆமா.”

“அப்ப கட்டிடவேண்டியதுதான்.”

தம்பி மறுபடியும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வீடுகளைப் பார்வையிட நானும் போனதுண்டு. கூரை ஓடா, கான்கிரீட்டா. கதவு தேக்கா, வேம்பா. மோட்டார் உண்டா என்று படிவம் கேட்கும். உள்ளே இருப்பவர் எங்கே போவார் என்று அது கேட்காது.

தம்பி தாளை என் கையிலிருந்து வாங்கினான். “விடுதலையே இருக்கட்டும் அக்கா. உனக்கு இல்ல, எனக்கு. நாளைக்குப் பையன் பேசினா, எனக்கு அங்க ஒண்ணுமில்லடா, கையெழுத்துப் போட்டாச்சுன்னு சொல்லிடுவேன். தினம் இந்தப் பேஜார் தாங்கல.”

“உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“தெரியும்.” பிறகு கொஞ்சம் தணிந்து, “தெரியும்னு வெச்சுக்கோ.”

பதிவு நாள் வரும்வரை நான் பட்டது எனக்குத்தான் தெரியும். தம்பி மனம் மாறிவிடுவானோ என்று தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிப் போன் செய்தேன். மாத்திரை போட்டாயா, மழை பெய்ததா, பால்காரன் வந்தானா. “அண்ணா, நான் வருவேன். விடு,” என்று ஒருநாள் எரிந்து விழுந்தான். அதற்கப்புறம் அவன் மனைவிக்குப் போன் செய்து நலம் விசாரித்தேன். அது இன்னும் மோசமான யோசனை.

பதிவு நாளன்று அவன் தாமதமாகத்தான் வந்தான். அலுவலக வாசலில் ஆட்டோவை விட்டு இறங்காமல் போனில் யாருடனோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தான். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். நான் ஜன்னலுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நின்றேன். கடைசியில் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். விரல் வைத்தான், கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன். சார்பதிவாளராக இருந்த சின்னப் பெண் தங்கையிடம், “நீங்க ஏத்துக்கறீங்களாம்மா?” என்று கேட்டாள்.

“வேற வழி?”

அதை அந்தப் பெண் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அவள் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

பெஞ்சில் இப்போதும் என் கட்சியை நான் கலைக்கவில்லை. வரி நியாயம்தான் என்கிறேன். ஆனால் சொல்லிவிட்டு, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் யார் கல்யாணத்துக்குப் போவார் என்று பார்க்கிறேன்.

பெயர் மாற்றமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்துத் தங்கை போன் செய்தாள்.

“நகராட்சிலேர்ந்து வீட்டு வரி ரசீது வந்திருக்குது. என் பேர் மட்டும்தான் இருக்கு.”

“அப்படித்தான் இருக்கணும்.”

“அந்தப் பெரிய வரி வந்தா எனக்கு வருமா, எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கா?”

“உனக்கு அப்புறம் வர்றவங்களுக்குத்தான். நீ கவலைப்படாத.”

“எனக்கு அப்புறம் யாரு அண்ணா வர்றது?”

அந்த வரிசை எனக்குத் தெரியும். குழந்தை இல்லாத பெண்ணுக்குத் தகப்பன் வழியாக வந்த பங்கு எங்கே போகும், அண்ணன் தம்பி எழுதிக்கொடுத்த பங்கு எங்கே போகும், அதில் அவள் கணவர் வழி நெமிலிக்காரர்கள் எப்படி எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள் என்பதைப் பிரிவு எண்ணோடு சொல்ல முடியும். அவள் உயில் எழுதினால் தீர்ந்தது. யார் பெயருக்கு என்று கேட்க வேண்டியவன் நான்தான். பங்கைக் கொடுத்துவிட்டு அதைக் கேட்டால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுபோல் ஆகிவிடும்.

“சாப்ட்டியா?” என்று கேட்டேன்.

“பேச்சை மாத்தற,” என்றாள். “அப்ப ஏதோ இருக்குது.”