ரோமாபுரித் தளபதியின் கழுத்து ரிப்

ரோமாபுரிக் காதல் நாவல்கள் என்றால் எனக்குப் பைத்தியம். கையில் வாளும் கண்ணில் சோகமுமாக ஒரு தளபதி வந்துவிட்டால் போதும், அடுப்பில் சோறு குழைந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். வாடகை நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்து முடித்ததும், நானே ஒரு கதையை மனசுக்குள் ஓட்ட ஆரம்பித்தேன். கொங்குநாட்டு மணிக்கல் வாங்கக் கப்பலில் வந்த தளபதி, கல்லுக்குத் துளை போடும் பெண்ணிடம் மனசைப் பறிகொடுக்கிறான்.

அதைக் கேட்க ஒருத்திதான் இருந்தாள். பனியன் கம்பெனியில், செக்கிங் மேஜையில் எனக்கு எதிரே நிற்பவள், என்னைவிட இளையவள். மதியம் இருவரும் டிபன் பாக்ஸை நடுவில் வைத்துக்கொள்வோம். அவளுடைய கொள்ளுப்பருப்பு எனக்கு, என் புளிச்சாதம் அவளுக்கு.

"அப்பறம் என்னாச்சுங்கக்கா?" என்பாள். வீட்டில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"பொறு கண்ணு, தண்ணி குடிச்சுக்கறேன்" என்று பிகு பண்ணிக்கொள்வேன்.

தளபதி அவளைப் பிரிந்து கப்பலேறிய இடத்தில் அழுதேவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்ததைச் சொல்லாமல் வேண்டுமென்றே இழுத்தடித்தேன்.

அந்த வாரமே தையல் லைனில் ஒரு பெண் போனில் தொடர்கதை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ரோமாபுரிக் கதைங்கக்கா, படிச்சுப் பாருங்க" என்று நீட்டினாள். தளபதியுடைய உடுப்பின் கழுத்து ரிப் தளர்ந்து கிடந்தது என்று ஒரு வரி. எனக்குச் சுரீரென்றது. பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கும் அந்தப் பின்னல் பட்டியை நாள் முழுக்கச் சரிபார்க்கிறவள் நான். கதை சொல்லும்போதும் அதுதான் வாயில் வந்திருந்தது. ரோமாபுரியில் பின்னலாடையே கிடையாது, எல்லாம் தறித்துணி என்று பிறகு எங்கோ படித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். கதை கேட்டவளிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

போனில் எழுதியவர் பெயர் போடும் இடத்தில் எதிர் மேஜைக்காரி படத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் ஏது ரிப் என்று கீழே வாசகர் ஒருவர் கேட்டதற்கு, "அது என் கற்பனை" என்று பதில் போட்டிருந்தாள். என் தப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. கதை எப்படித் தோன்றுகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். "மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பேன், அப்போது தோன்றும்" என்று எழுதியிருந்தாள்.

தனியாக என்றால், அப்போது நான் யார்? கேட்டிருந்தால் கதையை நானே கொடுத்திருப்பேன். பக்கத்தில் ஒரு அக்கா இருந்தாள் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால், கம்பெனி முழுக்கக் காட்டிப் பீற்றியிருப்பேன்.

மறுநாள் மதியம் வழக்கம்போலக் கொள்ளுப்பருப்பை என் பக்கம் தள்ளினாள். "அப்பறம் என்னாச்சுங்கக்கா? கப்பல் கரை சேந்துச்சுங்களா?"

பாக்ஸை அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன். "தனியா உக்காந்தா தோணுமாமுங்க. உக்காந்து பாருங்க."

அவளுக்கு நான் 'ங்க' போட்டது அதுதான் முதல்முறை. அவள் முகம் வெளுத்தது. புளிச்சாதத்தை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டேன்.

தொடர்கதை அந்த இடத்திலேயே நிற்கிறது. தளபதி இன்னும் நடுக்கடலில்தான் இருக்கிறான். அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியும். அப்பறம் என்னாச்சு என்று கேட்கத்தான் ஆளில்லை.