ஓடும் சார்

ஐம்பதைத் தாண்டிய மனிதன் லேப்டாப் கடையில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. நான் அதைத்தான் கேட்டேன். மேற்குத் தாம்பரம், சனிக்கிழமை, கையில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ்.

"இந்தப் புது மாடல்ல லினக்ஸ் ஓடுமா?"

"ஓடும் சார். எல்லாம் ஓடும்," என்றார் கடைக்காரர்.

"ஒரு தடவ பென்டிரைவ போட்டுப் பாத்துக்கவா?"

"பாக்ஸ் பிரிச்சா பீஸ் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார். நான்தான் சொல்றேன்ல."

வாங்கிவிட்டேன். அவசரம் எனக்கில்லை, என் மனைவிக்கு. அவள் கணக்கு டீச்சர். சேலையூரிலிருந்து பொத்தேரிப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் முட்டி தேய்ந்தவள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் எடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். திங்கட்கிழமை டெமோ வகுப்பு. பழைய லேப்டாப்பிலிருந்த விண்டோஸோ பாதி வேலையில் 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்' என்று கண்ணை மூடிக்கொள்ளும்.

லினக்ஸில் பல வகை. வாரத்துக்கொரு புதுமை காட்டுகிறவற்றை ஒதுக்கிவிட்டு, வருடக்கணக்கில் எதையும் மாற்றாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு 'ஸ்டேபிள்' என்று பெயர். மனைவிக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அவள் கேட்டதாகச் சொல்ல முடியாது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

புது லேப்டாப்பில் ஏற்றி முடித்தேன். திரை வந்தது, வைஃபை வந்தது. சத்தம் வரவில்லை. மைக்கும் இல்லை. இந்தச் சவுண்ட் சிப் பிறப்பதற்கு முன்பே என் ஸ்டேபிள் கதவைச் சாத்திவிட்டிருக்கிறது; அதற்கு இந்தச் சிப்பைத் தெரியவே தெரியாது. இணையத்தில் உதவி கேட்டால் ஒரு மகான் எழுதுகிறார்: 'வாங்குவதற்கு முன் கேட்டிருக்கலாமே.' அந்த ஆள் மட்டும் இங்கே பக்கத்தில் அனகாபுத்தூரில் இருந்திருந்தால் நேரில் போயிருப்பேன்.

"ஸ்டேபிள்னா அசையாம இருக்கறதா? அது சரியாத்தான் இருக்கு. ஒண்ணும் அசையல," என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் கடை. வழியெல்லாம் வசனம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"என்ன சார், ஓடலியா?"

"ஓடுது. பேச மாட்டேங்குது."

"நீங்க ஓடுமான்னுதான கேட்டீங்க."

"ஓடும்னா எல்லாம் வேலை செய்யும்னு அர்த்தம் இல்லையா?"

"சார், என் பைக்கு கூடத்தான் ஓடுது. ஹாரன் கெடையாது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். தயார் செய்து வைத்த வசனத்தோடு லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு மொழியில் ஒரே சொல்லுக்கு 'அருமையாக வேலை செய்யும்' என்றும் 'எப்படியோ தள்ளிவிடலாம்' என்றும் பொருள் இருந்தால் மனிதன் எப்படிக் கடைக்குப் போவது? வெளியே வந்து ஒரு டீ சொன்னேன். அதுவும் ஆறிப்போயிருந்தது. டீக்கடைக்காரரிடம் கத்தினேன். அவர் பாவம், வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி பழைய லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பென்டிரைவ இதுல போட்டா என்னாகும்?"

"இது பழசும்மா."

"உங்க ஸ்டேபிளும் பழசுதானே?"

பென்டிரைவைப் போட்டேன். சத்தம், மைக், கேமரா எல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்தன. பழைய லினக்ஸுக்குப் பழைய மெஷின் என்று ஒரு ஜோசியக்காரன்கூடப் பொருத்தம் பார்த்துச் சொல்லியிருப்பான். எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்குப் புது லேப்டாப் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அவள் பின்னங்கள் நடத்தினாள். நான் சமையலறையில் நின்று கடைக்காரரையும் இணைய மகானையும் மெதுவாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பாடம் சட்டென்று நின்றது. மைக்கை அணைத்துவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மைக் ரொம்ப நல்லா வேலை செய்யுது. கொஞ்சம் மாடிக்குப் போய்த் திட்டிட்டு வாங்க."