என் தோளை அறிந்தவள்

கபடியில் பாடிப் போவது என் வேலை. எங்கள் ஊர் தோணிரேவிலிருந்து கல்லூரிக்குப் போன நாள்முதல் எங்கள் அணிக்கு நான்தான் முதலில் போவேன். கை நீளம். எதிரணிக்காரி பின்வாங்குவதற்குள் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

ஒரு கோடையில், தண்ணீர் உள்வாங்கிய ஏரிக்கரை மணலில் பயிற்சி. நான் தொட நீட்டிய வலது கையை ஒருத்தி பிடித்துக்கொண்டாள். உடம்பு திரும்பியது, கை திரும்பவில்லை. தோளுக்குள் ஏதோ நழுவியது. குனிந்து பார்த்தால் தோளின் உருண்டை இருந்த இடத்தில் பள்ளம்.

துப்பட்டாவால் என் கையைத் தூக்கிக் கட்டி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் என் தோழி. திருப்பாலைவனத்தில் நெல் பயிரிடுகிற வீட்டுப் பெண். எங்கள் அணியின் இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவள். டாக்டரம்மா எலும்பை உள்ளே தள்ளிவிட்டு எங்கள் இருவருக்கும் விளக்கினார்.

"இடுப்பு மூட்டுல குழி ஆழம்மா, பந்து நல்லா உக்காந்திருக்கும். தோள்ல குழி தட்டு மாதிரி. அதனாலதான் கையை எல்லாப் பக்கமும் சுத்த முடியுது, அதனாலதான் கழண்டும் போவுது. சுத்தியிருக்கிற தசையும் நாரும்தான் புடிச்சு வெச்சிருக்கு. உனக்கு அந்த ஓரம் கிழிஞ்சிருக்கு. கையை மேல தூக்கி வெளிப்பக்கமா பின்னால திருப்புனா மறுபடியும் எறங்கிடும். அது மட்டும் ஆகவே கூடாது."

வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன். "உள்ள கிழிஞ்சிருக்குன்னு டீம்ல யார்கிட்டயும் சொல்லாதடி. தெரிஞ்சா என்ன ஒக்கார வெச்சிடுவாங்க."

"நான் இன்னா ஊர் பூரா சொல்லிக்கினு திரிவனா?" என்றாள்.

உண்மையிலேயே சொல்லவில்லை. மாதக்கணக்கில் எனக்காக ரப்பர் பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை மட்டும் வெளியே இழுக்க வேண்டும். நான் சோம்பி முழங்கையைத் தூக்கினால் தட்டிவிடுவாள். தோளைச் சுற்றி மெல்ல பலம் ஏறியது. ஆட்டத்தையும் மாற்றிக்கொண்டேன். இடது கையாலும் காலாலும் தொட்டேன்.

படிப்பு முடிந்து அவளுக்கு மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்த ஊர் அணியிலும் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் தினமும் போனில் பேசுவோம். என் அணியும் அவள் அணியும் மோதுவதற்கு முந்தின மாலைகூடக் கேட்டாள். "தோள் எப்டி இருக்குடி?"

"ஜோரா இருக்கு. மேல தூக்குனா மட்டும் இன்னும் பயமாத்தான் இருக்கு."

மறுநாள் ஆட்டம் சமனில் இருந்தபோது கடைசியாகப் பாடிப் போனேன். எதிரே இடது கார்னரில் அவள். கணுக்காலைக் கவ்வுவதுதான் அவள் பிடி. கணுக்கால் ஓரளவுக்குத்தான் திரும்பும். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துப் பூட்டினால் நிற்க முடியாது. அதனால் என் கவனமெல்லாம் காலில்.

அவள் காலுக்கு வரவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். "காலை உடு. வலது கையைப் புடிச்சு மேல தூக்கித் திருப்பு."

காதில் தெளிவாக விழுந்தது. அடுத்த நொடி என் மணிக்கட்டு சிக்கியது, கை மேலே போனது, பின்னால் திரும்பியது. தோள் இறங்கிவிட்டது. மண்ணில் கன்னம் பதியக் கிடந்தேன். விசில் ஊதி அவர்களுக்குப் புள்ளி கொடுத்தார்கள். கையைப் பிடிப்பது தப்பாட்டமில்லை. யாரிடம் போய் என்ன முறையிடுவது? அங்கே நடந்தது என்னவென்று எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள்.

"வலிக்குதாடி?"

"நீதான அவகிட்ட சொன்ன."

"மேட்ச்னு வந்துட்டா அப்டித்தான். வேற வழி தெரில எனக்கு."

"காலைப் புடிச்சிருக்கலாம்."

"புடிச்சா இழுத்துக்கினு கோட்டைத் தாண்டிடுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

அதை அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆஸ்பத்திரியில், பயிற்சியில், போனில் அவள் என்னைப் பற்றித் தெரிந்துகொண்ட ஒவ்வொன்றையும் திரும்பப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்குள் ஏரியில் வலை போட்டுவிட்டு வந்த என் நைனா, ஒன்றும் தெரியாமல், எப்போதும்போல அவளுக்கென்று நல்ல இறாலாகப் பொறுக்கிப் பையில் போட்டார். "பஸ்ஸுக்கு நேரமாவுது, சீக்கிரம் கெளம்புமா" என்றார். அவள் வாங்கிக்கொண்டு போனாள். நான் வாசல்வரை போகவில்லை.

பிறகு கிழிந்த ஓரத்தை ஆபரேஷனில் தைத்தார்கள். கை மேலே போகிறது. பின்னால் மட்டும் முழுதாகத் திரும்பாது. பாடிப் போவதை விட்டுவிட்டு இப்போது கார்னரில் நின்று பிடிக்கிறேன். அவளோடு பேச்சு இல்லை. ஒரே பஸ்ஸில் ஏறினால் தலையசைப்பாள், நானும் அசைப்பேன்.

இப்போதைய அணியில் எல்லாரும் நல்ல பெண்கள். ஆட்டத்துக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, எனக்கு முட்டி, எனக்குக் கணுக்கால் என்று பேசிக்கொள்வார்கள். "உனக்கு எங்க வலிக்குதுக்கா?" என்று என்னையும் கேட்பார்கள்.

"எனக்கு எங்கயும் இல்ல" என்பேன். வலிக்கிற நாளிலும் அதுதான் பதில்.