ஜனாதிபதிக்குப் பக்கத்தில் என் படம்

ஒரு பெண்மணி இந்த நாட்டின் ஜனாதிபதியாகப் பதவியேற்ற அன்று, ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் அவரோடு நானும் தொங்கினேன். அவர் நடுவில், இரண்டு கைகளையும் கூப்பியபடி. நான் அவருக்குப் பக்கத்தில், பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியும் கனத்த மாலையுமாக. என்ன விசேஷத்துக்கு எடுத்த படம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

உபயம் என் தாய்மாமன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இறக்குகிறவர். எங்கள் பக்கத்தில் காதுகுத்தானாலும் கருமாதியானாலும் பேனர் இல்லாமல் நடக்காது. மாமாவுக்கோ பேனர் என்றால் சோறுகூட வேண்டாம். கோடை விடுமுறையில் நான் வயதுக்கு வந்தபோது, மஞ்சள் நீராட்டுக்கு அவர் வைத்த பேனர் சீர்த்தட்டு வரிசையையே மறைத்தது. அந்த வெட்கமே எனக்கு அப்போது ஆறியிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தும் என்னை அனுப்பவில்லை. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். கண்டெய்னர் லாரிகள் போகிற ரோட்டைத் தாண்டி வயதுக்கு வந்த பெண் போய்வர வேண்டாம், ஏழாவதோடு போதும் என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதாள். நான் சாப்பிடாமல் கிடந்தேன். மாமா இரண்டு முறை வந்து பேசிப் பார்த்தார். "உன் வேலைய பாத்துகினு போ மச்சான்" என்று அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய சாமர்த்தியம் அவ்வளவுதான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பதவியேற்பு நாளன்று காலையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போனபோதுதான் பேனரைப் பார்த்தேன். என் படத்துக்குக் கீழே, 'எட்டாம் வகுப்பு மாணவி, வருங்கால ஜனாதிபதி' என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே, 'மதிய விருந்து உண்டு, அனைவரும் வருக, இப்படிக்குத் தாய்மாமன்'. பழைய மஞ்சள் நீராட்டு பேனரின் கடைசி வரி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. குடத்தோடு நின்ற பையன்கள் விலகி, எனக்கு சல்யூட் அடித்து வழிவிட்டார்கள். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அந்தப் படத்தில் இருந்தது நானே இல்லை என்று சத்தியம் செய்யலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்பா காலை ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது தெருவே வாசலில் நின்றது. குழந்தை குட்டிகளோடு, சிலர் தூக்குப் பாத்திரத்தோடு. டி.வி.யில் காலையில் நடந்த பதவியேற்பை மறுபடி காட்ட, குதிரைகள் சூழ ஜனாதிபதியின் கார் போய்க்கொண்டிருந்தது. எங்கள் அடுப்பில் மூன்று பேருக்கான கத்திரிக்காய்க் குழம்பு. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே அம்மா பயந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் அண்டா மாதிரி ஒரு தேக்சா நிறைய குஸ்காவோடு மாமா வந்து இறங்கினார். "பேனர் கடக்காரன் சொதப்பிட்டான் மாமா, பழசையும் சேத்து அட்ச்சிட்டான்" என்று அப்பாவிடம் தலையைச் சொறிந்தார். அப்பா பல்லைக் கடித்தார். ஊர் முன்னால் என்ன செய்ய முடியும்? மாமா கரண்டியை எடுத்துப் பரிமாற ஆரம்பித்தார்.

எதிர்வீட்டு மீன்கார அத்தைக்குத்தான் சந்தேகம் வந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா நைனா, பேனர்ல எட்டாவதுன்னு போட்டுகீது. பொண்ணு இஸ்கூலுக்குப் போவாம வூட்லயே குந்திகினு கீதே?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். டி.வி.யில் அந்த அம்மாள் உறுதிமொழி படித்துக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. மாமா மட்டும் தேக்சாவுக்குள் தலையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஒடம்பு செரியில்லாம இருந்துச்சி" என்றார் அப்பா. கழற்றிய சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டே, "நாளைலேர்ந்து போவும்."

மறுநாள் போனேன். பேனர் அங்கேயே இருந்தது. துப்பட்டாவை முகம்வரை இழுத்துக்கொண்டு அதற்கு அடியில் குனிந்தபடி நடந்தேன். எதிரே மீன்பாடி வண்டியில் வந்த மாமா கையை ஆட்டினார். பார்க்காததுபோல் போய்விட்டேன். என்னை ஊர் சிரிக்க வைத்த மனிதர் என்று தீபாவளிவரை அவரோடு பேசவில்லை. ஒருமுறைகூட அவர் விளக்கம் சொல்லவில்லை.

அத்தனை பேருக்கு ஒரு தேக்சா குஸ்கா வேண்டுமென்றால் பாய் பிரியாணிக் கடையில் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.