நாலு கஜம் தேறாத துணி

கோட்டாறு நூஹு தலையில் ஜவுளி மூட்டையோடு அருமனைக்கும் புதுக்கடைக்கும் பத்து வருஷம் நடந்தவர். விற்றதெல்லாம் ஜப்பான் துணி. மான்செஸ்டர் துணியைவிட விலை குறைவு, பளபளப்போ அதிகம். கதரைப் பற்றி மேடையேறிப் பேசியவர்கள்கூட, வீட்டுக்குத் துணி என்று வந்தால் கொல்லைப்புறமாக நூஹுவைக் கூப்பிட்டு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். யார் யார் என்று நூஹு வெளியே சொன்னதில்லை. நல்ல மனுஷன்.

1934இல் சர்க்கார் ஜப்பானோடு ஓர் உடன்படிக்கை செய்தது. வருஷத்துக்கு இத்தனை கஜம் துணிதான் உள்ளே வரலாம், அதற்குமேல் கூடாது. டில்லியில் யாரோ பேனாவைத் திறந்து மூடினார்கள். கோட்டாற்றில் நூஹுவுக்குச் சரக்கு இல்லாமல் போயிற்று. வந்த கொஞ்சத்தையும் மொத்த வியாபாரி பெரிய கடைகளுக்கே கொடுத்தார். தலைச்சுமைக்காரனை யார் மதிக்கப்போகிறார்கள்?

"கொழும்புக்குப் போயிருதேன். அங்க மைதீன் கனி மாமா கடை இருக்குல்லா?" என்றார் வீட்டில்.

கொழும்பு என்றாலே அவர் மனைவி ஹலீமா பீவிக்கு ஆகாது. அவள் அக்கா ஜொஹரா பேகத்தின் மாப்பிள்ளை அங்கே போய் எட்டு வருஷம். ஊருக்கு வந்தது இரண்டே தடவை. இரண்டாம் தடவை வந்தபோது கடைசிப் பிள்ளை வாப்பாவை யாரோ என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஹலீமாவுக்கு நகை நட்டெல்லாம் வேண்டாம். நூஹு ஊரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஒரு மாசம் பொறுங்கோ," என்றாள்.

அந்த மாசத்தில்தான் துண்டுகள் வந்து இறங்கின. நாலு கஜத்துக்கு மேற்படாத வெட்டுத் துண்டுகளை உடன்படிக்கையின் கணக்கில் சேர்க்கவில்லை. ஜப்பான்காரனுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? மூட்டை மூட்டையாக அனுப்பினான். சேலைக்கு ஆகாத துணி என்று கோட்டாற்றில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நூஹு ஒரு மூட்டையை அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்து போட்டார். ஹலீமா முழம் போட்டுப் பார்த்தாள். பெண்கள் போடும் சட்டைக்குத் தாராளம்.

அருமனைப் பக்கத்துப் பெண்கள் ஆண் தையல்காரரிடம் அளவு கொடுக்கக் கூச்சப்பட்டு, பழைய சட்டையைக் கொடுத்தனுப்புவார்கள். அது எப்படித் தைத்து வந்தாலும் போட்டுக்கொள்வார்கள். தைத்த சட்டையாகவே கொண்டுபோனால் என்ன? கல்யாணத்துக்கு வாப்பா கொடுத்த கை மெஷினைத் துடைத்து வைத்தாள் ஹலீமா.

"நனைச்சுக் காயப்போட்டுட்டுத் தைக்கட்டா?"

"நனைச்சா மினுக்கம் போயிருமே! பொறவு கோடின்னு எவ வாங்குவா?"

அதுவும் நியாயம்தான். தண்ணீர் படாத புதுத்துணிதான் கோடி. பெருநாளானாலும் கிறிஸ்துமஸானாலும் கோடி உடுத்தாமல் இங்கே விடியாது. நனைக்காமலே அறுபது சட்டை தைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அத்தனையும் அருமனையில் விற்றுப்போயின. அன்றைக்கு வீட்டில் நெய்ச்சோறு.

ஜனவரியில் மறுபடி போன நூஹுவைச் சந்தையில் செல்லத்தாய் மறித்தாள். நாக்கில் உப்பும் மிளகாயும் தடவிப் பிறந்தவள்.

"வியாபாரி, நில்லும்! ஒரே ஒரு வெளுப்புதான் வெளுத்தேன். கைய மேல பொக்க முடியல்ல. கோயில்ல கைகொட்டிப் பாடயில அக்குளு கிழிஞ்சு போச்சு. மானம் போச்சு, பாத்துக்கிடும்!"

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். கஞ்சி போன துணி சுருங்கிவிட்டது. நூஹு மூட்டையைத் தூக்கிக்கொண்டு எடுத்த ஓட்டம் கோட்டாற்றில்தான் நின்றது.

"இனி அருமனைப் பக்கம் தலை வச்சுப் படுக்கமாட்டேன். மாமாவுக்குக் கடுதாசி எழுதப்போறேன்."

ஹலீமாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் பாதி அவர்மேல், பாதி தன்மேல்.

"தைச்சது நான். நான் போறேன்."

"நீயா? பொம்பள போயி..."

"கிழிஞ்சதும் பொம்பளைக்குத்தானே?"

மறுநாள் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு ஹலீமா பஸ் ஏறினாள். மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு நூஹு பின்னால் வந்தார்.

செல்லத்தாய் வீட்டில் சண்டைக்குத் தயாராகப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஹலீமா அத்தனை ஏச்சையும் கேட்டுக்கொண்டாள். "தப்பு எங்களுக்குத்தான். மினுக்கம் போயிரும்னு நனைக்காமத் தைச்சுட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கக்கத்துத் தையலைப் பிரித்து, நனைத்துக் காயவைத்த துணியில் ஒட்டு வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். நூஹுவை வெளியே அயனி மரத்தடிக்கு விரட்டிவிட்டார்கள். மூன்று நாள் அதே வீட்டில் தைத்தாள். ஹலீமா தனியாகச் சோறு பொங்கப் புதுச்சட்டி வாங்கிக் கொடுத்ததும் செல்லத்தாய்தான்.

கடைசி நாள் கதவைச் சாத்திவிட்டுச் செல்லத்தாய் நாடாவை எடுத்து நீட்டினாள்.

"பீவி, எனக்க அளவ எடுத்துடுங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு சட்டையும் எனக்குச் சேந்ததில்ல, கேட்டியளா?"

பிறகு திங்களன்று அருமனை, வியாழனன்று புதுக்கடை என்று ஆயிற்று. நூஹு துண்டு வாங்கி வருவார், ஹலீமா நனைத்துத் தைப்பாள். பெண்ணுக்குப் பெண் அளவெடுக்கிறாள் என்று ஊர் ஊராகப் பேர் பரவியது. கோட்டாற்றில் சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்கள் வீட்டிலிருந்தும் துணி வந்தது.

1937இல் துண்டுகளுக்கும் வரம்பு வைத்தார்கள். மொத்த வியாபாரி கையை விரித்ததும் நூஹுவின் முகம் செத்துப்போயிற்று. அன்று வியாழன். நேராகப் புதுக்கடைக்குப் போனார்.

ஹலீமா தைப்பதற்கென்று அங்கே வாடகைக்குப் பிடித்திருந்த அறையில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் மதுரை மில் துணி, ஒருத்தி கையில் வடசேரித் தறித்துணி. ஜப்பான் துணி ஒருத்தியிடமும் இல்லை.

"துண்டும் நின்னுபோச்சு," என்றார் நூஹு, வாசலிலேயே நின்று.

"நின்னா நிக்கட்டு. எந்த ஊருத் துணின்னாலும் அளவெடுத்துத்தானே தைக்கணும்?"

"சரக்கு இல்லாத வியாபாரி இனி எதுக்கு? நான் கொழும்புக்கே..."

ஹலீமா மெஷினை நிறுத்தினாள். அறை முழுக்கப் பெண்கள் இருந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"மூணு வருசமா இந்த மெஷின உருட்டுறது நீங்க போவாம இருக்கத்தான். இவங்க சட்டைக்காவயா உருட்டுறேன்?"

பெண்கள் சிரித்தார்கள்.

"நூலு தீந்துபோச்சு. கடை அடைக்கதுக்கு முந்திப் போயிட்டு வாங்கோ."

ஓட்டமும் நடையுமாகப் போனவர், பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார், என்ன நிற நூல் என்று கேட்க.