மூன்று முடிச்சுக்குப் போதாத கம்பி

போன வாரம் பேரன் சென்னையிலிருந்து வந்தபோது ஒரு கிட்டாரும் சோப்பு டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். அந்தப் பெட்டியைக் காலால் மிதித்துக்கொண்டு கம்பியை ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது. நான் பல் தேய்த்து, காப்பி குடித்து, டம்ளரையும் கழுவி வைத்தேன். அது இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. "எப்படித் தாத்தா?" என்றான். "காலால மிதிச்சா வருதாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். வேறொன்றுமில்லை, வயிற்றெரிச்சல். அந்த இழுப்புக்காகச் சங்கரன்கோவிலில் நாங்கள் பட்ட பாட்டை அவனிடம் சொல்லலாம்தான். ஆனால் அவன் போனிலிருந்து நிமிர மாட்டான். நீங்கள் கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் மிளகாய் வற்றல் மண்டியில் எடை போடுகிறவன். எங்கள் மண்டிக்குள் நுழைகிறவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன் தும்மிவிடுவார்கள். சட்டையைத் துவைத்தாலும் நெடி போகாது. என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யாரும் பிரியப்பட்டதில்லை. மண்டியின் பின்சுவர்தான் என் சேக்காளி பரமசிவத்தின் வீட்டுக்கும் சுவர். அவன் மைக்செட் வைத்திருந்தான். அவன் தங்கச்சி கோமதி பிறந்ததிலிருந்தே அந்த நெடியைச் சுவாசித்தவள். லேசாகப் புகை பட்டாலே தும்ம ஆரம்பித்துவிடுவாள்.

கிட்டார் என்னிடம் வந்தது சித்தப்பா புண்ணியத்தில். கொழும்பிலிருந்து திரும்பும்போது கரண்டு கிட்டார் ஒன்றைத் தூக்கிவந்திருந்தார். மடியில் படுக்கவைத்து, ஒரு கையால் கம்பியைத் தட்டி, மறு கையால் இரும்புத் துண்டை அதன்மேல் வழுக்கி வாசிக்கிற வகை. சித்தி "இது வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டதால் எனக்கு வந்தது. பரமசிவம் அதன் ஒயரை மைக்செட் பெட்டியில் சொருகினான். இரண்டு பேரும் இசைக் குழு என்று சொல்லிக்கொண்டோம். குழு என்றால் அவ்வளவுதான்.

நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுகள் எங்கள் ஊர்க் காதுகள். நாகஸ்வரக்காரர் ஒரு மூச்சில் தெரு முனைவரை இழுப்பார். என் கம்பியோ 'டொய்ங்' என்று கிளம்பி, கண்ணைச் சிமிட்டுவதற்குள் செத்துப்போகும். டீக்கடையில் ஒருவர் கேட்டே விட்டார்: "என்ன வே, கம்பிக்கு விக்கலா?"

மானம் போகிறதே என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். தடித்த கம்பி மாட்டினேன். கனமான இரும்பு தேடினேன். அடியில் கனம் இருந்தால் அதிர்வு நீடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கிட்டாரை அம்மிக்கல்லோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். உண்மையிலேயே கொஞ்சம் நீண்டது. ஆனால் அம்மா துவையல் அரைக்க வந்து நின்றாள்.

ஒருநாள் பரமசிவம் தன் ஸ்பீக்கர் குழாய்க்குப் பெயின்ட் அடித்து, காயட்டும் என்று என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். நான் தெரியாமல் கம்பியைத் தட்டினேன். சத்தம் சாகவில்லை. வீங்கிக்கொண்டே போய் 'ஊ' என்று நீண்டது. குழாயிலிருந்து வரும் சத்தமே கம்பியைத் திரும்ப ஆட்டுகிறது, கம்பி மறுபடி குழாய்க்குச் சத்தம் அனுப்புகிறது. இரண்டும் விடாமல் மாறி மாறிப் பேசுகின்றன. நான் சொர்க்கத்தில் இருந்தேன். அவன் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினான்.

"ஏலே, மைக்செட் ஊளையிடுதுன்னு ஊருக்குள்ள பேரு வந்தா எவன்லே என்னைக் கலியாணத்துக்குக் கூப்பிடுவான்? இனிமே குழாய் பக்கமே போகாத."

அவனுக்கு அது தொழில் மானம். நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் கோமதிக்கு ராயகிரியிலிருந்து வந்த சம்பந்தம் நிச்சயத்தட்டு மாற்றுகிற நேரத்தில் முறிந்தது. சாம்பிராணி போட்டார்கள், அவள் தும்மினாள். அபசகுனம் என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். சாப்பாட்டை மட்டும் முடித்துக்கொண்டுதான் போனார்கள்.

அடுத்து வாசுதேவநல்லூரிலிருந்து வந்தவர்தான் வேலாயுதம். நல்ல மனுஷன். ஆனால் அவர் அம்மா பூனை குறுக்கே போனால் பஸ்ஸையே திருப்பச் சொல்கிற ரகம். ராயகிரி சங்கதி அவர்கள் காதுக்கு எட்டவில்லை. தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்குக் கொட்டுகிறார்கள்? அழுகை, தும்மல், எந்தக் கெட்ட சத்தமும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே. அந்த மேளத்தை நம்பித்தான் பரமசிவம் கல்யாணத்துக்கே துணிந்தான்.

முகூர்த்தம் நெருங்கியது. மேளக்காரர்களைக் காணோம். சைக்கிளில் போனவன் வந்து சொன்னான்: "கரிவலத்துல பஸ் படுத்துட்டு அண்ணாச்சி."

இசைத்தட்டு போடலாம் என்றான் பரமசிவம். மாப்பிள்ளையின் அம்மா ஒரே போடாகப் போட்டார்: "தட்டு வாசிச்சா அது கலியாணமா? உசுருள்ள ஆளு வாசிக்கணும்." சாயங்காலக் கச்சேரிக்கென்று கிட்டாரோடு ஓரமாக உட்கார்ந்திருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தா இருக்காம்லா ஒருத்தன், வாசிக்கட்டும்."

ஐயர் ஓமத்தில் நெய்யை ஊற்றினார். புகை நேராகக் கோமதியிடம் போனது. அவள் மூக்கு சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். என் விக்கல் கம்பியை நம்பினால் இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு தும்மல் தாராளமாக வெளியே வந்துவிடும். மூன்று முடிச்சுப் போடுகிறவரை ஒரே இழுப்பு வேண்டும்.

பரமசிவம் என் பக்கத்தில் வந்து குனிந்தான். பந்தல் நிறைய உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நாளைக்கு அவனுக்கு மைக்செட் சொல்ல வேண்டியவர்கள். "குழாயத் திருப்புதேன். அடி" என்றான். அந்த நேரத்தில் அவன்மேல் எனக்கு வந்த பிரியம் கூடப்பிறந்தவர்கள்மேல்கூட வந்ததில்லை.

அடித்தேன். பந்தலே அதிர்ந்தது. காக்கைகள் கிளம்பின. தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஐயரின் வாய் மட்டும் அசைந்தது. வேலாயுதம் ஒரு முடிச்சுப் போட்டார், மிச்சத்தை அவர் அக்கா போட்டாள். கோமதியின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். ஒரு தும்மல்கூட வெளியே கேட்கவில்லை. அட்சதை விழுந்த பிறகுதான் பரமசிவம் ஒயரைப் பிடுங்கினான்.

பந்தல் 'கம்'மென்று ஆனது. எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்: "மேளத்தை விட இது மேலு. எந்தச் சனியன் உள்ள வரும்?" மேளக்காரர்கள் பாயாசத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள். கை கழுவுகிற இடத்தில் வேலாயுதம் என் காதருகே வந்தார். "அண்ணாச்சி, எனக்கு எல்லாம் கேட்டுச்சு. பக்கத்துலதான இருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

தலைதீபாவளி முடிந்து பரமசிவமும் நானும் வாசுதேவநல்லூர் போயிருந்தோம். அடுப்படியில் தாளிக்கிற மணம் வந்தது, கூடவே கோமதியின் தும்மல். பரமசிவம் என் தொடையைக் கிள்ளினான். கூடத்திலிருந்த மாமியார் தலையைக்கூடத் திருப்பாமல், பிள்ளைகளுக்கு ஆயுசு சொல்கிற மாதிரி, "நூறு" என்றார். அடுத்த தும்மலுக்கு "இருநூறு." எண்ணூறுவரை போனது என்று ஞாபகம்.

மண்டி இப்போது இல்லை. பரமசிவம், வேலாயுதம், அந்த அம்மா, யாரும் இல்லை. போன மாசம் கோமதியைப் பார்க்கப் போனேன். அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தும்மினாள். தும்மிவிட்டுக் கூடத்துப் பக்கம் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"நூறு" என்றேன்.

"நூறு இந்தா கிட்ட வந்துட்டுண்ணே" என்றாள். "கூடச் சொல்லுங்க."